ஃப்ளோட் டேங்க்: ஓய்வுக்குப் போகலாம், ஆன்மாவைத் தேடிப் போக வேண்டாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இந்தப் பத்தியோடு கழன்றுகொள்ளலாம். ஃப்ளோட் டேங்க் எனப்படும் மிதவைத் தொட்டி, களைத்துப்போன உடம்புக்கு நிஜமாகவே நல்ல ஓய்வு. கழுத்து, தோள், இடுப்பு என்று எங்கெங்கே பிடிப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் இளகிவிடும். அந்த அளவில் தாராளமாகப் போகலாம். ஆனால் இதை விற்கிறவர்கள் ஓய்வு என்று மட்டும் சொல்லி விற்பதில்லை. உடம்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் உண்மையான 'நான்' யார் என்று பார்த்துவிட்டு வரலாம் என்கிறார்கள். அந்தச் சரக்கு அங்கே இல்லை. எனக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிரானது. அது எப்படி என்றுதான் கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன்.

நான் சில முறை போனது ஒரே இடம். பெயர் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் என் புகார் அந்த ஒரு இடத்தின் மேல் மட்டும் இல்லை, இந்தத் தொழிலில் இருக்கும் பலரும் பேசுகிற ஒரு பேச்சின் மேல்.

தெரியாதவர்களுக்கு: மூடி போட்ட ஒரு பெரிய தொட்டி. உள்ளே தண்ணீர் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல், 25 செ.மீ. இருக்கலாம். அதில் சுமார் 400 கிலோ எப்சம் உப்பு கரைந்திருக்கும். பேதி உப்பு என்பார்களே, அதேதான். இவ்வளவு உப்பு சேர்ந்தால் தண்ணீர் சாக்கடல் தண்ணீரைவிடக் கொஞ்சம் அடர்த்தியாகிவிடுகிறது, ஆகவே நீச்சல் தெரியாதவரும் மூழ்க முடியாது, மூழ்க முயன்றாலும் விடாது. தண்ணீரின் சூடு 34, 35 டிகிரி செல்சியஸ். இந்த எண்தான் முக்கியம். உள்ளுடம்பின் சூடு 37, ஆனால் தோலின் மேற்பரப்பு அதைவிடக் குறைவு; தண்ணீரைத் தோலின் சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் குளிர்ச்சியும் தெரியாது, வெதுவெதுப்பும் தெரியாது. காதை அடைத்துக்கொண்டு, மூடியைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு, வழக்கமாக ஒரு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். முடியப்போகிறது என்பதற்கு அடையாளமாக ஒரு இசை மெல்ல வரும். அவ்வளவுதான் சேவை.

இனி அந்தப் பேச்சு. உள்ளே போவதற்கு முன் ஒருவர் உட்கார வைத்து விளக்குகிறார். குளிக்கும் இடம் எங்கே, காதடைப்பானை எப்படி உருட்டிச் செருகுவது, கண்ணில் உப்புத் தண்ணீர் பட்டால் துடைக்கத் துண்டு எங்கே என்பதெல்லாம் நன்றாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு அகங்காரம் கரையும், உடல் என்னும் சிறையிலிருந்து விடுதலை, பிரபஞ்ச உணர்வோடு கலத்தல் என்று ஆரம்பித்துவிட்டார். கேட்கும்போது தலையாட்டினேன். ஆனால் இப்படிச் சொல்லி அனுப்புவதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இருட்டில் ஒரு மணி நேரம் சும்மா கிடக்கப்போகிற மனிதனிடம் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அவன் மனம் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கும். கிடைத்தால் பரவசம், கிடைக்காவிட்டால் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைப்பான். உள்ளது உள்ளபடி கவனிக்கும் வாய்ப்பு இரண்டு வழியிலும் போயிற்று.

முதல் கால் மணி நேரம் யாருக்கும் ஆன்மிகமாக இருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். கழுத்து விடாது. தலை தானாக மிதக்கும் என்று புத்திக்குத் தெரியும், ஆனால் கழுத்துத் தசைக்கு அது தெரியாது, தலை மூழ்கிவிடும் என்று அது பிடித்துக்கொண்டே இருக்கும். கைகளைப் பக்கத்தில் வைப்பதா, தலைக்கு மேல் தூக்கிப் போடுவதா என்று ஒரு தடுமாற்றம். காலை லேசாக அசைத்தால் உடம்பு மொத்தமும் நகர்ந்து, கொஞ்ச நேரம் கழித்துப் பெருவிரல் சுவரில் இடிக்கும், அந்த இடியில் எதிர்ப்பக்கம் நகர்ந்து உச்சந்தலை இடிக்கும். ஒரு முறை எங்கோ தண்ணீர் வடிகட்டும் பம்பின் உறுமல் காதடைப்பானையும் தாண்டி முதுகெலும்பு வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வந்து சொன்னேன். அந்த ஒலியையும் தியானப் பொருளாக எடுத்துக்கொள்ளலாமே என்றார்கள். பம்பைச் சரிசெய்யலாமே என்று நான் சொன்னேன்.

சரி, அந்தக் கால் மணி நேரம் தாண்டினால்? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. அசையாமல் கிடந்தால் முதலில் முதுகு காணாமல் போகிறது. வலி போவதைச் சொல்லவில்லை, முதுகு என்கிற இடமே போய்விடுகிறது. தண்ணீர் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தேடினால் கிடைப்பதில்லை. அப்புறம் கைகள். இடது கை எந்த வாட்டத்தில் இருக்கிறது, உள்ளங்கை மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயமாக இல்லை, வேடிக்கையாக இருந்தது. உடனே சுண்டுவிரலைச் சற்றே அசைத்தேன். அந்த நொடியில் விரல், விரலைச் சுற்றித் தண்ணீர், மணிக்கட்டு, முழங்கை வரைக்கும் யாரோ கோடு போட்டு வரைந்ததுபோல் திரும்பி வந்துவிட்டது. முழங்கைக்கு மேலே இன்னும் ஒன்றுமில்லை. அரை உடம்போடு கொஞ்ச நேரம் கிடந்தேன்.

இதில் மாயம் எதுவும் இல்லை. தோலில் இருக்கும் பெரும்பாலான தொடு உணர்விகள் மாற்றத்துக்குத்தான் வேலை செய்கின்றன. காலையில் கட்டிய கைக்கடிகாரம் மத்தியானம் கையில் இருப்பதே தெரியாமல் போவது இதனால்தான். மூட்டுகளும் தசைகளும் அனுப்பும் செய்தியும் அசைவில்லாவிட்டால் மங்கிப்போகும். 'இதுவரைக்கும் நான், இதற்கு மேல் உலகம்' என்ற எல்லையை மூளை ஒரு முறை போட்டு வைத்துவிட்டு விட்டுவிடுவதில்லை, வரும் செய்தியை வைத்து ஓயாமல் போட்டுக்கொண்டே இருக்கிறது. செய்தி நின்றால் கோடும் நிற்கிறது. புத்தகத்தில் படித்தால் ஓ அப்படியா என்று போய்விடுவோம். நம் கையே காணாமல் போகும்போது அது வேறு மாதிரி உறைக்கிறது. இந்தத் தொட்டியின் உண்மையான பெருமை இதுதான் என்பேன்: 'நான்' என்று ஒரே கட்டியாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்று தனித்தனியாகப் பிரிவதைச் சொந்த உடம்பில் பார்க்கலாம்.

இந்தத் தொட்டி பிறந்ததும் ஆன்மிகத்துக்காக இல்லை. 1954-இல் அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் ஜான் லில்லி என்ற மருத்துவர் இதை உருவாக்கினார். அன்றைக்கு இருந்த கேள்வி எளிமையானது: வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் வராவிட்டால் மூளை தூங்கிப்போகுமா, இல்லை தானாகவே விழித்திருக்குமா? அவருடைய தொட்டியில் இப்போதுபோல் சொகுசாக மல்லாந்து கிடக்க முடியாது. தலை முழுக்க மூடும் முகமூடியில் மூச்சுக்குழாயை வைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே தொங்க வேண்டும். கிடைத்த விடை, மூளை தூங்குவதில்லை, தன் வேலையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பது. பின்னாளில் லில்லி போதை மருந்துகள், டால்பின்களோடு உரையாடல் என்று எங்கெங்கோ போய்விட்டார், தொட்டியைச் சுற்றி இன்றைக்கும் மணக்கும் ஞானவாசனையில் பாதி அந்தக் காலத்தில் ஒட்டியது. இதே 1950-களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் குழுவினர் மாணவர்களைக் கட்டிலில் படுக்கவைத்து, கண்ணுக்கு மங்கல் கண்ணாடியும் கைக்கு உறையும் மாட்டி நாள்கணக்கில் வைத்திருந்தார்கள். சும்மா படுத்திருக்கப் பணம் கொடுத்தும் பலரால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்க முடியவில்லை. இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிந்தன. ஆக, புலன்களை அடைத்தால் நிம்மதி வருவது ஒரு மணி நேரக் கணக்குக்குத்தான். அளவு கூடினால் அதுவே சித்திரவதை.

ஆனால் தொட்டி வருவதற்குத் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் அதை மனத்துக்குள் கட்டிவிட்டார். இப்னு சீனா, 980-இல் இருந்து 1037 வரை வாழ்ந்த பாரசீக மருத்துவர், தத்துவவாதி. அவர் சொன்ன கற்பனை இது: ஒரு மனிதன் முழு வளர்ச்சியோடு ஒரே கணத்தில் படைக்கப்படுகிறான். கண் மூடியிருக்கிறது. வெட்டவெளியில் மிதக்கிறான், காற்றுகூட அவன்மேல் உறுத்தாது. கையும் காலும் ஒன்றோடொன்று தொடாதபடி விலகியிருக்கின்றன. அவனுக்கு உடம்பைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இருந்தும் 'நான் இருக்கிறேன்' என்பது தெரியுமா? தெரியும் என்றார் இப்னு சீனா. உடம்பு தெரியாமலே 'நான்' தெரிகிறது என்றால் 'நான்' என்பது உடம்பு கிடையாது என்பது அவர் வாதத்தின் போக்கு.

ஃப்ளோட் டேங்க் கடைகளின் விளம்பரம் மொத்தமும் இந்த வாதத்தின் மலிவுப் பதிப்புதான், அவர்களுக்கு அது தெரியாவிட்டாலும். வாதத்தில் ஒரு ஓட்டை இருப்பது பலர் எடுத்துச் சொன்னதுதான்: ஒன்றைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருப்பதால் அதுவும் நானும் வேறு என்று ஆகிவிடாது. முகமூடி போட்டு வந்தவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை, என் மாமாவை எனக்குத் தெரியும், ஆகவே முகமூடிக்காரர் என் மாமா இல்லை என்று சொல்ல முடியுமா? அதைத் தத்துவக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் பிரச்சினை அதைவிடச் சில்லறையானது. தொட்டிக்குள் உடம்பு போவதே இல்லை. கை போகிறது, முதுகு போகிறது, முகம்கூடப் போகிறது. ஆனால் அவை போகப் போக வேறொரு உடம்பு எழுந்து வருகிறது.

இதயம். வெளியே ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. உள்ளே அது இடிக்கிறது. மார்பில் மட்டுமில்லை, காதுக்குள், தொண்டைக்குழியில், தொப்புளுக்கு மேலே ஒரு துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் தண்ணீரில் உடம்பு மயிரிழை அளவு ஆடுவதுபோலத் தோன்றியது, உண்மையாகவே ஆடியதா என்று சத்தியம் செய்ய மாட்டேன். மூச்சை இழுத்தால் மொத்த உடம்பும் சற்றே மேலே எழும்பி, விட்டால் இறங்குகிறது, அது நிச்சயம், காதோரம் தண்ணீரின் விளிம்பு ஏறி இறங்குவதை உணரலாம். வயிற்றுக்குள் ஏதோ உருளும் சத்தம். எச்சிலை விழுங்கினால் கதவு சாத்துகிற மாதிரி கேட்கிறது. ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளர் 1951 வாக்கில் ஹார்வர்டில் எதிரொலியே இல்லாத அறைக்குள் போனபோது இரண்டு ஒலிகள் கேட்டதாகச் சொன்னார், ஒன்று கீச்சென்று, ஒன்று தாழ்ந்து. கீச்சொலி உங்கள் நரம்பு மண்டலம், தாழ்ந்தது ரத்த ஓட்டம் என்று அங்கிருந்த பொறியாளர் விளக்கினாராம். நரம்பு மண்டலம் கேட்கும் என்பதை நான் நம்பவில்லை, அது காது இரைச்சலாக இருந்திருக்கும். ரத்தம் சரி.

இது என் ஒருவனுடைய கற்பனை இல்லை. அமெரிக்காவில் டல்சா நகரின் மூளை ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் குழுவினர் பதற்றம் அதிகமுள்ளவர்களை மிதக்கவிட்டு ஆராய்ந்தார்கள். 2018-இல் வெளியான ஒரு ஆய்வில் ஒரே ஆட்களை ஒரு முறை தொட்டியிலும் ஒரு முறை இயற்கை ஆவணப்படம் பார்க்கவும் விட்டு ஒப்பிட்டார்கள். தொட்டியில் ரத்த அழுத்தம் குறைந்தது, பதற்றம் குறைந்தது, கூடவே சொந்த மூச்சையும் இதயத்துடிப்பையும் உணர்வது கூடியது. இதைப் புலன் அடைப்பு என்று சொல்வதே பாதி உண்மைதான். வெளிப்புலன் அடைகிறது, உட்புலன் திறக்கிறது. பதற்றக்காரர்களுக்கு நெஞ்சுத் துடிப்பு என்றாலே கிலி, அதே துடிப்பு நிம்மதியோடு சேர்ந்து வரும்போது அந்தக் கிலி தளரலாம் என்பது அவர்களுடைய யோசனை. எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. ஆனால் பாருங்கள், நடப்பது உடம்போடு நெருக்கம். விற்பது உடம்பிலிருந்து விடுதலை.

கண் முன்னால் தெரிகிற ஒளிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊதா, பச்சை, சில நேரம் சுழலும் கோலங்கள். வேலையில்லாத பார்வை நரம்புகளின் பொழுதுபோக்கு. வரவேற்பறையில் இருக்கும் குறிப்பேட்டில் மூன்றாம் கண் திறந்ததாக நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

குரல்தான் பெரிய விஷயம். தலைக்குள் பேசிக்கொண்டே இருக்கிறானே ஒருவன், அவன். முதுகு போன பிறகும், நேரம் எவ்வளவு ஆயிற்று என்ற கணக்கு போன பிறகும் அவன் போகவில்லை. இன்னும் எவ்வளவு நேரம், போனை சைலண்டில் போட்டேனா, அன்றைக்கு அவர் அப்படிப் பேசியபோது நான் இப்படிப் பதில் சொல்லியிருக்க வேண்டும், இதோ இப்போது எனக்கு அமைதி வருகிறது போலிருக்கிறது, அட வருகிறதே, இதை எழுதினால் எப்படி இருக்கும். இவன்தான் நானா என்று ஒரு முறை சும்மா திரும்பிப் பார்த்தேன். பார்த்தால் அவன் இல்லை, ஒரு சொல் இருக்கிறது, அது போனதும் ஒரு எரிச்சல் இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு இதயத்துடிப்பு. டேவிட் ஹ்யூம் 1739-இல் எழுதியது இதைத்தான்: என்னை நானே தேடி உள்ளே போனால் சூடோ குளிரோ இன்பமோ துன்பமோ ஏதோ ஒரு உணர்ச்சியின் மேல்தான் இடறி விழுகிறேன், அவற்றுக்குச் சொந்தக்காரனை ஒருபோதும் பிடிக்க முடியவில்லை என்று. அவருக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் புத்தர் மனிதனை ஐந்து கந்தங்களாக, அதாவது உடம்பும் மனமும் சேர்ந்த ஐந்து கூறுகளாகப் பிரித்துப் போட்டு, இதில் எதை நான் என்பாய் என்று கேட்டதும் ஏறக்குறைய இதே இடம். இருவருக்கும் தொட்டி தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன். வெளியே இருக்கும்போது அப்படித் திரும்பிப் பார்க்கத் தோன்றுவதே இல்லை.

ஒரு தடவை மட்டும் அந்தக் குரலும் நின்றது. நின்றபோது தெரியவில்லை. இசை தொடங்கியதும் திடுக்கிட்டு, அட, இவ்வளவு நேரம் ஒன்றுமே இல்லையே என்று நினைத்தேன். தூக்கமா என்றால் இல்லை என்றுதான் தோன்றுகிறது, உடம்பு தூங்கி எழுந்த கனத்தோடு இல்லை. இதை நான் வாய் தவறி அங்கே சொல்லிவிட, அதுதான், அதுதான், நீங்கள் சாட்சி நிலைக்கு, எதிலும் ஒட்டாமல் வெறுமே பார்த்துக்கொண்டிருக்கும் நிலைக்குப் போய்விட்டீர்கள் என்று ஒரே கொண்டாட்டம்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் இது நம் நாட்டில் நூற்றாண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு சண்டை, அதை இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்கள். ஆழ்ந்து தூங்கி எழுந்தவன் 'சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை' என்கிறான். அத்வைதிகள் இதைப் பிடித்துக்கொள்வார்கள்: ஒன்றும் தெரியவில்லை என்பது அவனுக்கு நினைவாக வருகிறது, நினைவு வர வேண்டுமானால் அப்போது அதை அனுபவித்த ஒருவன் இருந்திருக்க வேண்டும், ஆகவே தூக்கத்திலும் சாட்சி விழித்திருக்கிறது. நியாயம் என்னும் தர்க்க மரபைச் சேர்ந்தவர்கள் விடமாட்டார்கள்: அது நினைவே இல்லை, ஊகம். எழுந்த பிறகு உடம்பின் தெளிவைப் பார்த்து நன்றாகத் தூங்கியிருக்கிறேன் என்று கணக்குப் போடுகிறான், இடையில் இருந்த நேரத்தில் அறிவு என்று ஒன்று நடக்கவே இல்லை. என் தொட்டி இடைவெளிக்கும் அச்சு அசலாக இதே கேள்வி. அங்கே யாரோ இருந்து ஒன்றுமில்லாததைப் பார்த்தாரா, அல்லது யாருமே இல்லாமல் போய் பின்னால் நான் அந்த இடத்துக்கு ஒரு ஆளை நிரப்பிக்கொண்டேனா? உள்ளிருந்து இதைத் தீர்க்க வழி தெரியவில்லை. தீர்ப்பதற்குத் திரும்பிப் பார்த்தாலே இடைவெளி போய்விடும். இந்தப் புதிர் கையில் கிடைத்ததற்காகவே தொட்டிக்கு நான் கூடுதலாக ஒரு நட்சத்திரம் தருவேன். விடை என்று ஒன்றை ஒட்டிக் கொடுத்ததற்காக அந்த நட்சத்திரத்தை உடனே பிடுங்கிக்கொள்வேன்.

அவர்கள் சுவரில் ரமணரின் படம் மாட்டியிருந்தது. 1896-இல், 16 வயதில், மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியில் அவருக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. டாக்டரைத் தேடி ஓடாமல் அங்கேயே பிணம்போல் கை கால்களை விறைத்துக்கொண்டு படுத்தார், மூச்சை அடக்கினார், இந்த உடம்பு செத்துப்போனால் நானும் செத்துப்போவேனா என்று விசாரித்தார். இல்லை, உடம்பு போனாலும் 'நான்' இருக்கிறது என்பது அவர் கண்டது. சில வாரங்களில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலை போய்விட்டார், அப்புறம் திரும்பவே இல்லை. அவர் கண்டதை மறுக்க நான் ஆள் இல்லை. ஆனால் அந்தப் படத்தை அந்தச் சுவரில் மாட்டுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. அவருக்கு வந்தது மரண பயம், நமக்கு வந்தது முன்பதிவு உறுதியான குறுஞ்செய்தி. உயிரே போய்விடும் என்ற நெருக்கடியில் கேட்ட கேள்வியையும், சனிக்கிழமை சாயங்காலம் கழுத்து வலிக்கு இதமாகக் கிடந்துகொண்டு கேட்கும் கேள்வியையும் ஒரே படியில் வைத்து அளக்க முடியாது.

முடிந்த பிறகு ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து அனுபவத்தைப் பகிரச் சொல்கிறார்கள். ஒருவர் தன் உடம்பை மேலிருந்து பார்த்ததாகச் சொன்னார். பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. 2002-இல் ஓலாஃப் பிளாங்கே என்ற நரம்பியல் மருத்துவர் வலிப்பு நோயாளி ஒருவரின் மூளையில் வலப்பக்கம் காதுக்குப் பின்மேலாக இருக்கும் ஒரு மடிப்பை மின்சாரத்தால் தூண்டியபோது, அந்த நோயாளி தான் மேலே மிதந்து, கட்டிலில் கிடக்கும் தன் உடம்பைப் பார்ப்பதாகச் சொன்னார். பார்வை, சமநிலை, தொடு உணர்வு மூன்றும் ஒன்றுசேர்ந்து 'நான் இங்கே இருக்கிறேன்' என்று முடிவு கட்டும் வட்டாரம் அது. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் அந்த 'இங்கே' இடம் மாறிப்போகும். தொட்டியில் மூன்றுமே பட்டினி. அனுபவம் நிஜம், ஆள் வெளியே போனார் என்பதுதான் நிரூபணம் ஆகாதது. இதை அந்த அறையில் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் எங்கள் கையில் பத்து முறைக்கான தொகுப்புத் திட்டத்தின் அட்டையைக் கொடுத்துவிட்டார். முதல் முறையில் அகங்காரம் தளரும், தொடர்ந்து வந்தால்தான் கரையுமாம். தவணை முறையில் மோட்சம்.

சுத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நன்றாகவே இருந்தது. ஒவ்வொருவருக்கும் இடையில் தண்ணீரை வடிகட்டுகிறார்கள், முன்னும் பின்னும் குளிப்பது கட்டாயம், துண்டு வெளுத்த துண்டு, தரை வழுக்கவில்லை. உள்ளேயிருந்து கையெட்டும் தூரத்தில் விளக்குப் பொத்தானும் அழைப்பு மணியும் உண்டு, மூடி பூட்டப்படுவதில்லை, விரலால் தள்ளினால் திறக்கும். மூச்சு முட்டுமோ என்று பயப்படுகிறவர்கள் மூடியைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம், அதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. பணியாட்கள் அன்பானவர்கள். ஞானம் பேசாத நேரத்தில்.

யார் போகலாம்? உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போனவர்கள், இரவில் தலை ஓயாதவர்கள், 'நான்' என்பது எதனால் ஆனது என்று வாய்ச்சொல்லாக இல்லாமல் கொஞ்சம் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள். வலிப்பு உள்ளவர்கள், இல்லாதது தெரிவது, கேட்பது போன்ற மனநல உபாதை இருந்தவர்கள், தன்னிடமிருந்தே தான் விலகிப்போன மாதிரி ஏற்கெனவே அவதிப்படுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. கடைசியில் சொன்னவர்களுக்கு எல்லை கரைவது வேடிக்கையாக இருக்காது. ஆறாத புண் இருந்தால் ஆறட்டும்.

போகிறவர்களுக்குச் சில்லறை யோசனைகள். அன்றைக்குச் சவரம் செய்யாதீர்கள், எப்சம் உப்பு சிறு கீறலையும் தேடிப்பிடித்து எரியவைக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனால் ஒரு மணி நேரமும் வயிற்றோடுதான் சகவாசம். கழுத்துக்கு அடியில் வைக்க மிதவை வளையம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால்தான் தருகிறார்கள். முகத்தில் அரித்தால் ஈரக்கையால் சொறியக் கூடாது, சொட்டு கண்ணில் விழுந்தால் அன்றைய ஆத்ம விசாரம் அங்கேயே முடிந்தது. முன்விளக்கத்தில் அகங்காரம் என்ற சொல் வந்ததும் எழுந்து குளிக்கப் போய்விடுங்கள், நான் கடைசியாகப் போனபோது அப்படித்தான் செய்தேன், யாரும் தடுக்கவில்லை.

நட்சத்திரம்: ஓய்வுக்கு ஐந்துக்கு நான்கு, பம்புக்காக ஒன்று குறைத்திருக்கிறேன். பேச்சுக்கு ஒன்று.